பனிக்கு முன்னே பறித்த தக்காளி

காஷ்மீர் நம் நாட்டின் வடகோடியில் இருக்கிறது. சுற்றிலும் உயரமான மலைகள். நடுவில் பள்ளத்தாக்கு. அங்கே நெல் விளைகிறது. ஆப்பிள் விளைகிறது. குங்குமப்பூ விளைகிறது. தக்காளியும் விளைகிறது. காஷ்மீரி மொழியில் தக்காளிக்கு ருவாங்கன் என்று பெயர்.

நம் பக்கத்தில் தண்ணீர் இருந்தால் வருடத்தில் பல மாதங்கள் தக்காளி போடலாம். காஷ்மீரில் அது முடியாது. மே மாதம் நாற்று நடுவார்கள். ஜூலையில் பழம் வரத் தொடங்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் பழம் குவியும். அக்டோபரில் இரவுக் குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். நவம்பரில் உறைபனி வந்துவிடும்.

உறைபனி என்றால் தண்ணீர் ஐஸ் கட்டியாகும் அளவுக்குக் குளிர். செடிக்குள் இருக்கும் நீரும் உறைந்துவிடும். மாலையில் பச்சைப் பசேல் என்று நின்ற செடி, காலையில் வெந்நீர் ஊற்றியது போலத் துவண்டு தொங்கும். காயும் கண்ணாடி போல ஆகி, பிறகு அழுகும். அந்தக் காயை எப்படி வைத்தாலும் பழுக்காது.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் சிறு தோட்டம். பத்துத் தக்காளிச் செடிகள். அக்டோபர் மாதம். செடியில் இன்னும் நிறையக் காய் இருக்கிறது. எல்லாம் பச்சை.

"இதெல்லாம் இனி எங்கே பழுக்கப் போகிறது? விட்டுவிடலாம் அம்மா" என்கிறாள் மருமகள்.

"பொறு மகளே. இன்றைக்கு விட்டுவிட்டால் தை மாதக் குளிரில் காசு கொடுத்து வாங்க வேண்டும். கூடையை எடுத்து வா" என்கிறாள் மாமியார்.

மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காஷ்மீரில் டிசம்பர் 21-ஆம் தேதி கடுங்குளிர் காலம் தொடங்கும். அது 40 நாள் நீடிக்கும். அதற்குச் சில்லா-இ-கலான் என்று பெயர். அப்போது தோட்டத்தில் தக்காளி கிடையாது. வெளி மாநிலங்களிலிருந்து லாரியில் வர வேண்டும். ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கு வரும் மலைப்பாதையில் பனி விழும், மண் சரியும். பாதை அடைபட்டால் லாரிகள் வழியிலேயே நிற்கும். கடையில் காய்கறி விலை ஏறிவிடும். 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயிலும் ஓடத் தொடங்கியது. ஆனாலும் வீட்டில் இருக்கும் ஒரு கூடைத் தக்காளிக்கு ஈடு ஏது?

இருவரும் காய்களைப் பறித்தார்கள். மொத்தம் 12 கிலோ.

எந்தக் காய் பழுக்கும்?

பறித்த காய் எல்லாம் பழுத்துவிடாது. முற்றிய காய்தான் பழுக்கும். பிஞ்சு பழுக்காது. அது சுருங்கிப் போகும், அல்லது அழுகிப் போகும். ஆகவே முதல் வேலை காய்களைப் பிரிப்பது.

முற்றிய காயை எப்படித் தெரிந்துகொள்வது? பிஞ்சு கரும்பச்சையாக இருக்கும். முற்றிய காய் வெளுத்த பச்சையாக, பளபளப்பாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு காயை எடுங்கள். கூர்மையான கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே வழவழப்பான சாறு இருக்கிறதா? விதைகள் கத்திக்கு அகப்படாமல் வழுக்கி விலகுகின்றனவா? அப்படியானால் அது முற்றிய காய். விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் அது பிஞ்சு. அதே அளவு, அதே நிறம் உள்ள மற்ற காய்களும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஒரு காயை இழந்தால் ஒரு கூடையின் நிலை தெரிந்துவிடும்.

இன்னொரு வகை உண்டு. அடிப்பக்கம் லேசாக மஞ்சளோ சிவப்போ தட்டியிருக்கும். இதைத்தான் நாம் செங்காய் என்கிறோம். செங்காய் பாதி வழி வந்துவிட்டது. அதை வீட்டில் வைத்தால் சீக்கிரம் பழுக்கும். ருசியும் ஏறக்குறைய செடியில் பழுத்தது போலவே இருக்கும்.

அந்த வீட்டில் 3 கிலோ செங்காய் கிடைத்தது. 7 கிலோ முற்றிய காய். மீதி 2 கிலோ பிஞ்சு.

பிஞ்சையும் வீணாக்க வேண்டாம். வதக்கித் துவையல் அரைக்கலாம். ஊறுகாய் போடலாம். ஆனால் பிஞ்சில் ஒருவகைக் கசப்புப் பொருள் இருக்கிறது. ஆகவே பச்சையாகத் தின்ன வேண்டாம். சமைத்து அளவாகச் சாப்பிடலாம். தக்காளி இலையைச் சாப்பிடக் கூடாது.

காய் எப்படிப் பழுக்கிறது?

வெயில் பட்டால்தான் தக்காளி சிவக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் காயை ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைக்கிறார்கள். இது தேவையில்லை. இருட்டிலும் தக்காளி பழுக்கும். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் சூடேறி, தோல் வெளுத்துப் போகலாம்.

காயைப் பழுக்க வைப்பது ஒரு வாயு. அதன் பெயர் எத்திலீன். கண்ணுக்குத் தெரியாது. முற்றிய காய் தானே இந்த வாயுவை உண்டாக்கும். பழுக்கப் பழுக்க இன்னும் அதிகமாக உண்டாக்கும். ஒரு பழம் விடும் வாயு பக்கத்தில் இருக்கும் காயையும் பழுக்க வைக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. அந்தக் காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்கு வாயுவில் எரிந்தது. வாயு கசிந்த இடத்தில் மரங்கள் இலையை உதிர்த்தன. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. 1901-இல் ரஷ்யாவில் நெல்யுபோவ் என்ற மாணவர் ஆராய்ந்தார். விளக்கு வாயுவில் கலந்திருக்கும் எத்திலீன்தான் செடிகளைப் பாதிக்கிறது என்று கண்டார். 1934-இல் இங்கிலாந்தில் கேன் என்ற அறிஞர் இன்னொன்றைக் காட்டினார். பழுக்கும் ஆப்பிள் தானாகவே எத்திலீனை வெளியிடுகிறது!

நம் வீடுகளில் அரிசிப் பானைக்குள் மாங்காயைப் புதைத்து வைப்பார்கள். வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடுவார்கள். பானைக்குள் மாங்காய் விடும் வாயு வெளியே போகாமல் தங்குகிறது. புகையிலும் எத்திலீன் இருக்கிறது. பெயர் தெரியாமலே நம் முன்னோர் அதைப் பயன்படுத்தினார்கள்.

காஷ்மீரில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. தக்காளி முடியும் அதே சமயத்தில்தான் ஆப்பிள் அறுவடை. தக்காளிப் பெட்டிக்குள் ஒரு பழுத்த ஆப்பிளை வைத்தால் போதும். அடிபட்டு விலை போகாத ஆப்பிளாக இருக்கலாம். ஆனால் அழுகியது ஆகாது. ஆப்பிள் இல்லாத ஊரில் ஒரு பழுத்த வாழைப்பழம் அதே வேலையைச் செய்யும்.

வீட்டில் செய்யும் முறை

காயைப் பறிக்கும்போது அடிபடாமல் பறிக்க வேண்டும். காம்பைக் கிள்ளிவிட வேண்டும். காம்பு இருந்தால் பக்கத்துக் காயைக் குத்தும். குத்துப்பட்ட இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மண் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். கழுவ நேர்ந்தால் ஈரம் போக நன்றாக உலர்த்துங்கள். கீறல், புள்ளி, புழுத்துளை உள்ள காயை அப்போதே சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மரப்பெட்டியோ அட்டைப்பெட்டியோ எடுங்கள். அடியில் வைக்கோல் பரப்புங்கள். அதன்மேல் காய்களை ஒரே வரிசையாக அடுக்குங்கள். ஒவ்வொரு காயையும் செய்தித்தாளில் சுற்றி வைப்பது இன்னும் நல்லது. ஒன்று அழுகினாலும் மற்றதில் ஒட்டாது. (தாளைப் படித்து முடித்துவிட்டுச் சுற்றுங்கள்!) நடுவில் ஆப்பிளை வையுங்கள். பெட்டியை மூடுங்கள், ஆனால் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டாம். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்து அழுகிவிடும்.

பெட்டியை எங்கே வைப்பது? இதில்தான் பலர் தவறுகிறார்கள். தக்காளி பழுக்க 18 முதல் 21 டிகிரி வரை உள்ள இடம் மிக நல்லது. ஆள் இருந்து புழங்கும் அறை அப்படி இருக்கும். அடுப்பின் மேலும் ஓரத்திலும் வைக்கக் கூடாது. வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறம் சரியாக உண்டாகாது. பழம் மஞ்சளாகவே நின்றுவிடும். மறுபக்கம், குளிர்ப்பெட்டியிலும் பச்சைக் காயை வைக்கக் கூடாது. 10 டிகிரிக்குக் கீழே பல நாள் கிடந்த காய் பிறகு சரியாகப் பழுக்காது. திட்டுத் திட்டாக நிறம் வரும். ருசி இருக்காது. செடியில் இருக்கும்போதே இந்தக் குளிர் தாக்கலாம். அதனால் உறைபனி வரட்டும் என்று காத்திருக்காமல், இரவுக் குளிர் கூடும்போதே பறித்துவிடுவது புத்திசாலித்தனம்.

இரண்டு நாளைக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து பாருங்கள். பழுத்ததை எடுங்கள். கெட்டதை அகற்றுங்கள்.

செங்காய் ஒரு வாரத்துக்குள் பழுக்கும். முற்றிய பச்சைக் காய்க்கு இரண்டு வாரம் ஆகலாம். 13 முதல் 15 டிகிரி உள்ள குளிர்ந்த அறையில் வைத்தால் மூன்று, நான்கு வாரம்கூட ஆகும். அது நல்லதுதான். மாமியார் அப்படித்தான் செய்தாள். பாதிக் காயை ஆப்பிளோடு புழங்கும் அறையில் வைத்தாள். மீதியை ஆப்பிள் இல்லாமல் உள்ளறையில் வைத்தாள். முதல் பெட்டி தீரும்போது இரண்டாவது பெட்டி சிவக்கத் தொடங்கும். நவம்பர் வரை வீட்டுத் தக்காளி.

பொட்டலம் வேண்டாம்

"கடைக்காரர் ஒரு பொட்டலம் தருகிறார் அம்மா. உள்ளே கல் இருக்கிறது. பெட்டிக்குள் வைத்தால் இரண்டே நாளில் சிவந்துவிடுமாம்" என்றாள் மருமகள்.

அது கார்பைடு கல். ஈரம் பட்டால் அதிலிருந்து அசிட்டிலீன் என்ற வாயு வரும். அது எத்திலீனைப் போலவே காயின் நிறத்தை மாற்றும். ஆனால் அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகிய நச்சுப் பொருள்கள் கலந்திருக்கலாம். அது கையையும் கண்ணையும் எரிக்கும். அந்த வாயு தீப்பற்றக் கூடியது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதற்கு என்ன வேலை? அப்படிப் பழுத்ததில் வெளித்தோல் சிவந்திருக்கும், உள்ளே காயாகவே இருக்கும்.

கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழங்களை விற்பது சட்டப்படி குற்றம். 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளும் இதைத் தடை செய்கின்றன. எத்திலீன் வாயுவை மட்டும் வணிகர்கள் முறையான அறைகளில் பயன்படுத்தலாம். அதற்கும் அளவு உண்டு. காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்குக்கு மேல் போகக் கூடாது. உங்கள் ஊரில் யாராவது கல் வைத்துப் பழுக்க வைத்தால், உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். இப்போது உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே!

குளிர்காலத்துக்குச் சேமிப்பு

பழுத்த தக்காளியைக் காஷ்மீர்ப் பெண்கள் இன்னொரு வழியிலும் காப்பாற்றுகிறார்கள். வெயில் நன்றாக இருக்கும் மாதங்களில் பழத்தை நறுக்கி உலர்த்துவார்கள். சுரைக்காய், கத்தரிக்காயையும் இப்படியே வற்றல் போடுவார்கள். பனிக்காலத்தில் வற்றலை ஊறவைத்துச் சமைப்பார்கள். தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர்தான். அது போய்விட்டால் கொஞ்சம்தான் மிஞ்சும். ஆனால் அந்தக் கொஞ்சம் பல மாதம் கெடாது. அக்டோபர் கடைசியில் வெயில் தணிந்துவிடும். அப்போது உலர்த்தினால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால்தான் கடைசிக் காய்களுக்குப் பெட்டி முறை.

அடுத்த ஆண்டுக்கு ஒரு யோசனை. பூ பூத்து, காய் முற்றுவதற்குச் சுமார் 40 நாள் ஆகும். ஆகவே செப்டம்பரில் பூக்கும் பூ காஷ்மீரில் பெரும்பாலும் பயன் தராது. அந்தப் பூக்களையும் செடியின் நுனியையும் கிள்ளிவிட்டால், செடியின் சத்து இருக்கும் காய்களுக்குப் போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1. செப்டம்பர் 15-ஆம் தேதி ஒரு பூ பூத்தது. 40 நாள் கழித்து என்ன தேதி? அப்போது காஷ்மீரில் குளிர் எப்படி இருக்கும்?

2. அந்த வீட்டில் 7 கிலோ முற்றிய காய் இருந்தது. அதில் 1 கிலோ அழுகிவிட்டது. செங்காய் 3 கிலோவும் நன்றாகப் பழுத்தது. மொத்தம் எத்தனை கிலோ பழம் கிடைத்தது? உங்கள் ஊர்க் கடையில் இன்று அதன் விலை என்ன?

3. உங்கள் வீட்டில் மாங்காய், வாழை, சப்போட்டா ஆகியவற்றை எப்படிப் பழுக்க வைக்கிறீர்கள்? பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.