பொலன்னறுவைக் கட்டடங்களும் அரசியலும்

மாணவர்களே, "பொலன்னறுவைக் காலத்துக் கட்டடங்கள் யாவை?" என்று கேட்டால் பெயர்களை வரிசையாக எழுதிவிடுவீர்கள். "அரசர்கள் அவற்றை ஏன் அமைத்தனர்?" என்று கேட்டால் பலர் "பக்தியினால்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். பக்தி உண்மைதான், ஆனால் அதற்கு மட்டும் முழுப் புள்ளி கிடைக்காது. பத்திரிகையோ வானொலியோ இல்லாத காலத்தில், 'நானே உரிமையுள்ள அரசன்' என்று மக்களுக்கு அறிவிக்க அரசனிடம் இருந்தவை கல்லும் செங்கல்லுமே.

ரோமிலும் இவ்வாறே நடந்தது. நீரோ மன்னன் தன் மாளிகைக்காக ஏரி அமைத்திருந்த இடத்தில், வெஸ்பாசியன் பொதுமக்களுக்கான கொலோசியம் அரங்கைக் கட்டத் தொடங்கினான். கி.பி. 80 இல் அவன் மகன் தீத்துஸ் அதைத் திறந்து வைத்தான். பழைய அரசன் தனக்கென வைத்திருந்ததைப் புதிய அரசன் மக்களுக்குக் கொடுத்தான் என்பதே அதன் செய்தி.

இனி பொலன்னறுவைக்கு வருவோம். சோழர் அந்நகருக்கு ஜனநாதமங்கலம் எனப் பெயரிட்டனர். அங்கே கட்டிய சிவன் கோயிலுக்குத் தம் அரசியின் பெயரால் வானவன்மாதேவி ஈச்சரம் என்று பெயர் வைத்தனர். நகரம் யாருடையது என்பதை அந்தப் பெயர்களே சொல்லின.

1070 இல் சோழரை வெளியேற்றிய முதலாம் விஜயபாகு, புனித தந்ததாதுவுக்கு அட்டதாகேயை அமைத்தான். தந்ததாதுவை வைத்திருப்பவனே அரசன் என்பது அக்கால நம்பிக்கை. அந்த ஆலயத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினருக்கு வழங்கப்பட்டது. அதைக் கூறும் கல்வெட்டு தமிழில் உள்ளது. 'இது நம்மைப் பற்றிய பாடமல்ல' என்று நினைக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் எழுதிப் பழகுங்கள்.

கேகாலை மாவட்டத்தவர்கள் பொலன்னறுவை வரை போக வேண்டியதில்லை. கொழும்பு–கண்டி வீதியில் நெலுந்தெனியவில் திரும்பினால் தெதிகம. மகா பராக்கிரமபாகு தான் பிறந்த இடத்தில் எழுப்பிய சூதிகர சைத்தியம் இங்குள்ள கொட்டவெஹெரவே எனக் கருதப்படுகிறது. அவன் இரண்டாம் கஜபாகுவுடனும் உருகுணை மானாபரணனுடனும் போரிட்டே 1153 இல் முழு நாட்டுக்கும் அரசனானான். வாளால் அரியணை பெற்றவன் தன் பிறப்பிடத்தையே புனிதத் தலமாக்கினான். காரணத்தை நீங்களே ஊகிக்கலாம். (அங்கு அகழ்ந்தெடுத்த வெண்கல யானை விளக்கு தெதிகம நூதனசாலையில் உள்ளது. எண்ணெய் குறையக் குறையத் தானாகவே ஊறும் அமைப்புக் கொண்டது. போனால் பார்க்காமல் வராதீர்கள்.)

நிசங்கமல்லன் (1187–1196) கலிங்கத்திலிருந்து வந்தவன். அதனால்தான் மற்றவர்களைவிட உரக்கப் பேசினான் என்பது என் கருத்து. கலிங்க வம்சத்தவரே இந்நாட்டை ஆள உரிமையுடையோர் என்று கல்வெட்டுகளில் பொறித்தான். அவனது கல்பொத்த கல்வெட்டு ஏறத்தாழ 25 தொன் நிறையுடைய ஒரே கல். அக்கல்லை மிகிந்தலையிலிருந்து கொண்டுவந்ததாகவும் அதிலேயே எழுதி வைத்தான். கல்லை இழுத்து வந்ததுகூட அவனுக்கு ஒரு பெருமை!

பயிற்சி வினா: அட்டதாகே ஏற்கெனவே இருந்தும், நிசங்கமல்லன் தந்ததாதுவுக்கு ஹட்டதாகேயை அமைக்க வேண்டிய தேவை என்ன? ஐந்து வரிகளில் விளக்குக.