வேட்டை நாய் எப்போது 'கற்ற நாய்' ஆகும்?

இங்கிலாந்தில் பணி செய்துவரும் வாசகச் சகோதரர் ஒருவர் நமக்கு ஒரு மஸ்அலா கேட்டு எழுதியிருக்கிறார். அவர் வசிப்பது கிராமப்புறம். சுற்றியுள்ள பண்ணைகளில் முயல்கள் பெருகிப் பயிரை அழிக்கின்றன. பண்ணைக்காரரின் அனுமதியோடு முயல் பிடிப்பதற்காக, 'விப்பெட்' என்னும் இனத்து நாய்க்குட்டி ஒன்றை நண்பர் ஒருவரிடமிருந்து பெற்று வளர்த்து வருகிறார். அதற்கு இப்போது ஒன்பது மாதம். இரண்டு முறை அவிழ்த்து விட்டிருக்கிறார். முதல் முறை ஒரு முயலைக் கொன்று, தூக்கி வந்து காலடியில் போட்டது. இரண்டாம் முறை கவ்விய முயலோடு புதருக்குள் புகுந்து, இவர் போய்ச் சேருவதற்குள் வயிற்றுப் பகுதியைத் தின்றுவிட்டது. முதல் முயல் தோலுரிக்கப்பட்டுக் குளிர்பெட்டியில் இருக்கிறது. "பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் விட்டேன். இதை நாங்கள் உண்ணலாமா? குட்டி வேட்டைக்குத் தயாராகிவிட்டது என்பதை எதைக் கொண்டு அறிவது?" என்று கேட்கிறார்.

கேள்வி இரண்டாகத் தோன்றினாலும் உண்மையில் ஒன்றுதான். நாய் 'கற்றது' ஆகிவிட்டால், அது கொன்று கொண்டுவந்தது ஹலால். கற்றது ஆகவில்லையென்றால், அது கொன்றது செத்த பிராணி. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது நிலை கிடையாது. ஆகவே நாய் வளர்ப்பவர்களுக்கு வெறும் பழக்க விஷயமாக இருப்பது, நமக்கு உணவு ஹலாலா ஹராமா என்னும் விஷயமாகிவிடுகிறது.

முதலில் முயலைப் பற்றி ஒரு வார்த்தை. முயல் இறைச்சி ஹலால் என்பதில் நான்கு மத்ஹபுகளின் இமாம்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மர்ருல் ளஹ்ரான் என்னுமிடத்தில் தோழர்கள் ஒரு முயலை விரட்டிக் களைத்துப் போனதையும், சிறுவராயிருந்த அனஸ் (ரலி) அவர்கள் அதைப் பிடித்து அபூதல்ஹா (ரலி) அவர்களிடம் கொடுத்ததையும், அவர்கள் அறுத்து அதன் தொடையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அனுப்ப அவர்கள் ஏற்றுக்கொண்டதையும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காணலாம். எனவே சந்தேகம் முயலில் இல்லை; நாயில்தான்.

திருமறையின் அல்மாயிதா அத்தியாயத்தில் நான்காம் வசனம் இதற்கு மூலாதாரம். வேட்டைப் பிராணிகளுக்கு நீங்கள் கற்பித்து, அவை உங்களுக்காகப் பிடித்து வைப்பதை உண்ணலாம் என்னும் கருத்தை அல்லாஹுதஆலா அங்கே அருளியிருக்கிறான். இதில் 'உங்களுக்காக' என்னும் பொருள்படும் சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பிடித்தது போதாது, உங்களுக்காகப் பிடித்திருக்க வேண்டும். ஓநாயும் முயலைப் பிடிக்கிறது, தெருநாயும் பிடிக்கிறது. அவை தம் வயிற்றுக்காகப் பிடிக்கின்றன. கற்ற நாயோ தன் எஜமானின் கையாக மாறிவிடுகிறது. கத்தி எப்படித் தனக்காக அறுப்பதில்லையோ, அம்பு எப்படித் தனக்காகப் பாய்வதில்லையோ, அப்படி.

ஹாத்திம் தாயீயின் மகனாரான அதீ (ரலி) அவர்கள் நாய்களைக் கொண்டு வேட்டையாடும் கூட்டத்தவர். அவர்கள் இதைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் விரிவாகக் கேட்டிருக்கிறார்கள். கற்ற நாயை அல்லாஹ்வின் பெயர் கூறி அனுப்பினால், அது கொன்றாலும் உண்ணலாம் என்றும், அது தின்றிருந்தால் தனக்காகவே பிடித்ததோ என்ற அச்சமிருப்பதால் உண்ண வேண்டாம் என்றும் விடை கிடைத்தது. வேறு நாயும் சேர்ந்து கொண்டு, எது கொன்றது என்று தெரியாவிட்டால் அதையும் விட்டுவிடும்படி கூறினார்கள். இங்கே அச்சம் ஒன்றே போதுமானதாக ஆக்கப்பட்டிருப்பதைப் பாருங்கள். நாய் தனக்காகப் பிடித்தது என்பது நிரூபணம் ஆகவேண்டியதில்லை. சந்தேகம் வந்தாலே கை பின்வாங்க வேண்டும்.

நம் மதரஸாக்களில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் ஓதும் அபூஷுஜாஉ (ரஹ்) அவர்களின் சிறு நூலில், நாய் கற்றது என்பதற்கு நான்கு நிபந்தனைகள் சொல்லப்படுகின்றன. அனுப்பினால் போக வேண்டும். தடுத்தால் நிற்க வேண்டும். கொன்றால் அதிலிருந்து தின்னக்கூடாது. இவை அதனிடம் திரும்பத் திரும்ப நிகழ வேண்டும். இவற்றில் எங்காவது வயது சொல்லப்பட்டிருக்கிறதா? வேகம்? எத்தனை முயல் பிடித்தது என்ற கணக்கு? ஒன்றுமில்லை. முயலைப் பிடிக்கும் திறமையே நிபந்தனைகளில் சேர்க்கப்படவில்லை. பிடிப்பது நாய்க்குப் பிறவியிலேயே வரும். அதற்குப் பாடம் தேவையில்லை. அடங்குவதுதான் பாடம்.

விப்பெட் போன்ற நாய்களுக்கு இரண்டாவது நிபந்தனைதான் மிகக் கடினம். மோப்பம் பிடித்து மெல்லப் போகும் நாய்கள் வேறு, இவை வேறு. கிரேஹவுண்டின் உருவைச் சிறிதாக்கினாற் போன்ற மெலிந்த உடல், நீண்ட கால்கள். கண்ணால் கண்டு துரத்தும் இனம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் தொழிலாளர்கள் முயலுக்காகவும் பந்தயத்துக்காகவும் இதை வளர்த்தார்கள். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. முயல் கண்ணில் பட்டவுடன் காது அடைத்துப் போனது போல ஆகிவிடும்; எஜமானின் குரல் எங்கோ பின்னால் நின்றுவிடும். அரபு நாட்டின் சலூகி நாயும், நம் தென்மாவட்டங்களின் கன்னி, சிப்பிப்பாறை நாய்களும் இதே வகையைச் சேர்ந்தவைதாம். ஓடத் தொடங்கும் முன் மட்டுமல்ல, ஓடிக்கொண்டிருக்கும்போதும் தடுத்தால் நிற்க வேண்டும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் விரிவுரையாளர்கள் சொல்லியிருப்பதை இத்தகைய நாயிடம் வைத்துப் பார்த்தால், பாடம் எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

முதல் நிபந்தனையும் இதனோடு ஒட்டியதே. முயலைக் கண்டு குட்டி தானாகப் பாய்ந்து கொன்றுவிட்டால் அது ஹலாலாகாது, அனுப்புதல் நடக்கவில்லையல்லவா? பாய்ந்த பிறகு நாம் கூவி ஏவிவிட, அது இன்னும் வேகமாக ஓடிப் பிடித்தாலும் ஷாஃபிஈ மத்ஹபின் மிகச் சரியான கூற்றுப்படி ஆகுமானதல்ல. ஹனபி மத்ஹபில், முஸ்லிம் அதட்டி ஏவ, அந்த ஏவலுக்கு அது பணிந்து ஓடினால் கூடும் என்கிறார்கள். இளம் நாய்களில் மிகுதியும் நிகழ்வது இதுதான் என்பதால், நாயைக் கயிற்றிலிருந்து விடும் முன்பே பிஸ்மில்லாஹ் சொல்லி, சொல்லி முடித்தபின் விடுகிற பழக்கத்தை வைத்துக் கொள்ள வேண்டும். பிஸ்மில்லாஹ் ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத்து. ஹனபி மத்ஹபில் கட்டாயம், மறதிக்கு மட்டும் மன்னிப்பு உண்டு.

தின்னாமலிருப்பது பற்றி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹபில் நிபந்தனை இல்லை. அபூஸஃலபா (ரலி) அவர்கள் வழியாக வரும் ஓர் அறிவிப்பு அவர்களுக்குத் துணை நிற்கிறது. ஆயினும் மற்ற மூன்று இமாம்களின் மத்ஹபுகளும் அதீ (ரலி) அவர்களின் அறிவிப்பையே முற்படுத்துகின்றன. இரத்தத்தை நக்கினால் மட்டும் பாதகமில்லை என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். சதையைத் தின்பதே பார்க்கப்படும்.

இனி நான்காவது நிபந்தனைக்கு வருவோம். சகோதரரின் கேள்வியின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது. எத்தனை முறை? ஹனபி மத்ஹபில் இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் மூன்று முறை தின்னாமல் விட்டால் கற்றதாகும் என்கிறார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ எண்ணிக்கை வைக்காமல், கற்றுவிட்டது என்று வேட்டைக்காரனின் மனத்தில் வலுவான எண்ணம் ஏற்பட வேண்டும் என்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபிலும் எண் இல்லை. பண்பட்டுவிட்டது என்று எண்ணத்தக்க அளவுக்குத் திரும்பத் திரும்ப நிகழ வேண்டும். அந்த அளவை வேட்டைப் பிராணிகளைப் பற்றி அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டறிய வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியம் நமக்கு மிகவும் பிடித்தமானது. ஃபிக்ஹு கலையின் பேரறிஞர்கள், நாயின் குணத்தைப் பற்றி நாய் பழக்குகிறவனிடம் போய்க் கேள் என்று சொல்லிவிட்டார்கள். ஹலால் ஹராமை அவனிடம் கேட்கப் போவதில்லை. நாயைப் பற்றித்தான் கேட்கிறோம். அவன் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. நாய்க்குக் கற்பித்தவன் யார் என்பதைவிட, அனுப்புகிறவன் யார் என்பதையே பெரும்பாலான இமாம்கள் கவனிக்கிறார்கள்.

அங்குள்ள அனுபவசாலிகள் என்ன சொல்கிறார்கள்? ஏறத்தாழ ஒரு வயது நிரம்பும் வரை இவ்வகை நாயை முழு வேகத் துரத்தலுக்கு விடலாகாது என்பது அவர்களிடையே பரவலாக உள்ள வழக்கம். அதுவரை எலும்புகளின் வளரும் முனைகள் இறுகியிருக்காது. கூர்மையாகத் திரும்பும் முயலைத் தொடர்ந்து அதே வேகத்தில் திரும்பும்போது காலும் தோளும் முறியக்கூடும். அந்தக் காலத்தை அவர்கள் வீணாக்குவதில்லை. கூப்பிட்டால் வருவது, கயிறில்லாமல் உடன் நடப்பது, ஆடுமாடுகளைக் கண்டால் அசையாமலிருப்பது, முயல்தோல் சுற்றிய பொம்மையை எறிந்தால் கவ்வி வந்து கையில் கொடுப்பது ஆகியவற்றைப் பழக்குகிறார்கள். கையில் கொடுக்கும் இப்பழக்கம் நம்முடைய மூன்றாவது நிபந்தனைக்கு எத்தனை பொருத்தமானது! பொம்மையைக் கொடுக்க மறுத்து ஓடும் குட்டி, முயலையும் கொடுக்காது. அதைத் துரத்திப் பிடித்து வாயிலிருந்து பிடுங்கினால் ஒளிந்து தின்னவே கற்றுக் கொள்ளும் என்றும் சொல்கிறார்கள்.

ஆகவே சகோதரருக்கு நம் விடை: ஒன்பது மாதக் குட்டி இன்னும் தயாராகவில்லை. அது கொன்ற முதல் முயலை உண்ணக் கூடாது. காலடியில் கொண்டுவந்து போட்டது நல்ல அறிகுறிதான். ஆனால் ஒரு முறை நிகழ்ந்தது வழக்கமாகாது. பசி இல்லாததால் தின்னாமல் விட்டிருக்கவும் கூடும். அடுத்த முறையே அது தின்றுவிட்டது அந்தச் சந்தேகத்தை உறுதி செய்கிறது. இரண்டாவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஒருவேளை முழுதும் கற்றுவிட்ட நாய் பின்னொரு நாள் தின்றுவிட்டால்? அன்றைய வேட்டை ஹராம். மறுபடியும் புதிதாகக் கற்பித்தாக வேண்டும். முன்பு பிடித்தவை ஷாஃபிஈ மத்ஹபில் பாதிக்கப்படா. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ, முன்பு பிடித்துச் சேமித்து வைத்திருப்பதையும் விலக்குகிறார்கள். கற்றது போல் தோன்றியது கல்வியே அல்ல என்று இப்போது வெளிப்பட்டுவிட்டது என்பது அவர்கள் பார்வை.

அதுவரை குட்டியை வேட்டைக்கே கொண்டுபோகக் கூடாதா என்றால், வழி இருக்கிறது. கற்காத நாய் பிடித்ததை உயிரோடு அடைந்து அறுத்துவிட்டால் உண்ணலாம் என்று அபூஸஃலபா (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி அளித்திருக்கிறார்கள். ஒரு வயதுக்குப் பின் பயிற்சியாக விடும்போது, உயிருள்ள முயலாகக் கொண்டுவந்தால் முறைப்படி அறுத்துக் கொள்ளலாம். அதற்குக் கூரிய கத்தி இடுப்பில் இருக்க வேண்டும். கத்தி கொண்டுபோகாததாலோ, உறையில் மாட்டிக்கொண்டு வராததாலோ முயல் இறந்துவிட்டால் அது ஹராம் என்று மின்ஹாஜில் இருக்கிறது. கற்ற நாய்க்கும் இதே சட்டம்தான். நிலையான உயிரோடு கைக்கு வந்தால் அறுத்தே ஆக வேண்டும்.

சிலர் குட்டிக்கு வெறியேற்ற, உயிருள்ள முயலின் காலைக் கட்டி அதன்முன் போடுகிறார்கள். இது ஹராம். உயிருள்ளதைக் கட்டி வைத்து இலக்காக்குகிறவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருப்பதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உண்ணும் நோக்கமோ பயிரைக் காக்கும் நோக்கமோ இன்றி வெறும் பொழுதுபோக்காகக் கொல்வதும், நாய்களை ஓடவிட்டுப் பந்தயம் கட்டுவதும் நம் மார்க்கத்துக்குப் பொருந்தாதவை.

நாய் வளர்ப்பவனின் நன்மை நாள்தோறும் குறையும் என்ற எச்சரிக்கையிலிருந்து வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகியவற்றுக்கான நாய்கள் விலக்கப்பட்டுள்ளன. இன்னும் வேட்டை தெரியாத குட்டியை, கற்பிக்கும் எண்ணத்தோடு வளர்ப்பது இதில் அடங்குமா என்பதில் நம் இமாம்களிடையே இரு கருத்துகள் உண்டு. கூடும் என்பதே வலுவானது. ஆனால் எண்ணம் உண்மையாக இருக்க வேண்டும். வேட்டையைப் பெயருக்குச் சொல்லிவிட்டு, மெத்தையில் கூட படுக்க வைப்பதற்கு இந்தச் சலுகை இல்லை.

இதைப் படிக்கும் நம் ஊர் இளைஞர்கள் கன்னி நாயையோ சிப்பிப்பாறையையோ அவிழ்த்துக் கொண்டு கரட்டுக்குப் புறப்பட்டுவிட வேண்டாம். இந்தியாவில் காட்டு முயல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதை வேட்டையாடுவது குற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களைக் கொண்டு வேட்டையாடுவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தாலும், நிலத்துக்குரியவரின் அனுமதியோடு முயலைப் பிடிப்பதற்கு அதில் விலக்கு இருக்கிறது. அனுமதியில்லாத நிலத்தில் நுழைவது அங்கும் கூடாது.

கடைசியாக, நாயின் பல் பட்ட இடம். கற்ற நாய் பிடித்த ஹலாலான முயலிலும் அந்த இடம் நஜீஸ்தான். ஷாஃபிஈ மத்ஹபின் மிகச் சரியான கூற்றுப்படி அது மன்னிக்கப்படுவதில்லை. அதேசமயம் அந்தச் சதையை வெட்டி எறிய வேண்டியதுமில்லை. ஏழு முறை கழுவ வேண்டும்; அதில் ஒரு முறை சுத்தமான மண் கலந்த நீரால் இருக்க வேண்டும். தோலுரித்தவுடனே பல் பதிந்த இடங்களைத் தேடிப் பார்த்துக் கழுவிவிட்டு, அதன் பிறகே முயலைக் குளிர்பெட்டியில் வைப்பது நல்லது.