மண்ணில் கிடைக்கும் காசு: கேள்வி-பதில்

கே: நண்பர்கள் நால்வர் சேர்ந்து மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறோம். ஊருக்கு வெளியே பானை ஓடுகள் இறைந்து கிடக்கும் மேட்டில் பழங்காசு தேடலாம் என்றிருக்கிறோம். எவ்வளவு ஆழம் தோண்டலாம்?
— வாசகர், ஈரோடு

ப: ஒரு விரற்கடைகூடத் தோண்டாதீர்கள். பழைய குடியிருப்பு என்பதற்குப் பானை ஓட்டைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்? 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் சிறைகூட உண்டு. மேட்டைப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். நால்வரும் சேர்ந்து செய்ய அதுவே நல்ல வேலை.

கே: தாத்தாவின் செப்புக்காசு பச்சை பிடித்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
— வாசகி, சேலம்

ப: வேண்டாம், அம்மா. குத்துவிளக்கைத் துலக்குவது போலக் காசைத் துலக்கக் கூடாது. கெட்டியான அந்தப் பச்சைப் படலத்தில்தான் எழுத்தும் உருவமும் நிற்கின்றன; புளி அதை அரித்துவிடும். வெளிர்பச்சையாகப் பொடி உதிர்ந்தால் மட்டும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

கே: ராமர், சீதை, அனுமன் பொறித்த 1818-ஆம் ஆண்டுக் கம்பெனிக் காசு லட்சக்கணக்கில் விலை போகுமாமே?
— வாசகர், மதுரை

ப: கிழக்கிந்தியக் கம்பெனி அப்படியொரு காசு அடிக்கவே இல்லை. பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கே: இங்கிலாந்தில் யார் வேண்டுமானாலும் டிடெக்டரோடு போகிறார்கள், பரிசும் வாங்குகிறார்கள். நமக்கு மட்டும் ஏன் தடை?
— வாசகர், கோவை

ப: அங்கும் நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும், பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றிக் கருவியை இயக்குவதே குற்றம். 1992-இல் சஃபோக் பகுதியில் எரிக் லாஸ் என்பவர், விவசாயி நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போனார். கிடைத்தவை ரோமானியப் பொற்காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும். கொஞ்சம் எடுத்ததுமே கையை நிறுத்தித் தகவல் சொன்னார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து முறைப்படி தோண்டினார்கள். ஏறத்தாழ 15,000 காசுகள்! மரப்பெட்டி மட்கிப்போயிருந்தும், உள்ளே எது எங்கே அடுக்கப்பட்டிருந்தது என்பது வரை தெரியவந்தது. அவர் அன்று பொறுமையிழந்து வாரியிருந்தால் காசு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

நம் கரூரைப் பாருங்கள். அமராவதி மணலிலிருந்து சேரரின் வில்-அம்புக் காசுகளும் ரோமானியக் காசுகளும் எத்தனையோ வந்தன. மாக்கோதை என்று பெயர் பொறித்த வெள்ளிக்காசில் அரசனின் முகமே இருக்கிறது. ஆனால் பல காசுகள் வியாபாரிகள் கைமாறித்தான் ஆய்வாளரிடம் வந்து சேர்ந்தன. எந்த மண்ணடுக்கில், எந்த ஓட்டின் பக்கத்தில் கிடந்தது என்று கேட்டால் பதில் சொல்ல யாருமில்லை. அதனால்தான் எழுத்தின் வடிவை வைத்தே காலத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறோம். இந்த இழப்பு எனக்கு ஆறவே இல்லை.

கே: உழும்போது கலயம் நிறையக் காசு தென்பட்டது. கழுவி எண்ணி வைக்கட்டுமா?
— விவசாயி, தாராபுரம்

ப: கழுவவும் வேண்டாம், கலயத்தை அசைக்கவும் வேண்டாம். உழவை நிறுத்தி, இன்றே விஏஓவிடம் சொல்லுங்கள். கலெக்டருக்கும் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.