சமூகவியல் கருத்தும் பொதுக்கொள்கை அளவுகோலும்: மண்டல் ஆணையச் சுட்டிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சமூகவியல் கருத்துகள் பொதுக்கொள்கையின் அளவுகோல்களாக மாறும்போது எவை நிலைபெறுகின்றன, எவை விடுபடுகின்றன என்பதை மண்டல் ஆணையத்தின் 11 சுட்டிகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு சுட்டியின் பொருள் அதன் எண்ணில் இல்லை. அதனை விளக்கும் சமூகவியல் கருத்திலேயே உள்ளது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சமூகவியல், பொதுக்கொள்கை, சுட்டி, பிற்பட்டோர், பெண் உழைப்பு.

முன்னுரை

இந்திய அரசியலமைப்பு, சமூக நிலையிலும் கல்வி நிலையிலும் பிற்பட்ட வகுப்பினரைப் பற்றிப் பேசுகிறது. ஆயின் பிற்பட்ட நிலையை அளக்கும் முறையை வரையறுக்கவில்லை. 1953இல் அமைக்கப்பட்ட காகா காலேல்கர் ஆணையம் 1955இல் அறிக்கை அளித்தது. அதன் அளவுகோல்கள் புறவயமானவை அல்ல எனக் கருதி நடுவணரசு அதனை ஏற்கவில்லை. எனவே, 1979இல் பி. பி. மண்டல் தலைமையில் அமைந்த இரண்டாம் ஆணையத்திற்கு அளவுகோலை உருவாக்குவதே முதன்மைச் சிக்கலாயிற்று.

சுட்டிகளின் அமைப்பு

மண்டல் ஆணையம் சமூகச் சுட்டிகள் நான்கு, கல்விச் சுட்டிகள் மூன்று, பொருளாதாரச் சுட்டிகள் நான்கு என வகுத்தது. இவை ஒவ்வொன்றிற்கும் முறையே 3, 2, 1 மதிப்பெண்கள் வழங்கப்பட்டன. மொத்தம் 22 மதிப்பெண்களுள் 11 அல்லது அதற்கு மேல் பெற்ற சாதிகள் பிற்பட்டவையாகக் கொள்ளப்பட்டன. சமூகச் சுட்டிகளுக்குப் பொருளாதாரச் சுட்டிகளைவிட மும்மடங்கு மதிப்பு அளித்தமை, வறுமை வேறு, சாதிசார் தாழ்நிலை வேறு என்னும் சமூகவியல் தெளிவின் வெளிப்பாடாகும். எனினும் 3, 2, 1 என்னும் விகிதம் களத்தரவிலிருந்து தானாகப் பெறப்பட்டதன்று. அது ஒரு மதிப்பீட்டு முடிவு. அறிவியலும் அரசியல் தேர்வும் சந்திக்கும் இடம் இதுவே.

பெண் உழைப்பு என்னும் சுட்டி

பெண்கள் வேலையில் பங்கேற்கும் அளவு மாநிலச் சராசரியைவிட 25 விழுக்காடேனும் மிகுந்திருத்தல் சமூகச் சுட்டிகளுள் ஒன்று. பொருளாதார நோக்கில் பெண்களின் வேலைப் பங்கேற்பு முன்னேற்றத்தின் அடையாளம். இங்கோ அது பிற்பட்ட நிலையின் அடையாளம். எம். என். சீனிவாஸ் விளக்கிய சமஸ்கிருதமயமாதல் என்னும் கருத்து இம்முரணைத் தெளிவாக்குகிறது. உயர்நிலையை நாடும் சாதிகள் தம் பெண்களை வெளிவேலையிலிருந்து விலக்குவதுண்டு. அவ்வாறு விலக்க இயலாத குடும்பங்களின் பெண்கள் வயலிலும் பிறர் வீட்டிலும் உழைக்கின்றனர். ஆகவே இச்சுட்டி அளப்பது உழைப்பை அன்று. உழைப்பின் மீது சாதியமைப்பு சுமத்திய இழிவையே.

ஆயின், கல்வி பெற்று ஆசிரியராகவோ அலுவலராகவோ பணியாற்றும் பெண்கள் பெருகினாலும் அதே எண் உயரும். எதிரெதிரான இரு காரணங்கள் ஒரே எண்ணாகத் தோன்றும்போது, கருத்தை மறந்து எண்ணை மட்டும் கொள்ளும் கொள்கை பிழைபட வாய்ப்புண்டு.

சராசரியின் எல்லை

ஆணையம் தனிக் குடும்பத்தை அன்றிச் சாதியையே அலகாகக் கொண்டது. சாதியின் சராசரி, அதனுள் நிலவும் ஏற்றத்தாழ்வைக் காட்டாது. ஆணையப் பரிந்துரையின்படி 1990இல் அறிவிக்கப்பட்ட 27 விழுக்காடு இடஒதுக்கீட்டை, இந்திரா சாஹ்னி வழக்கில் 1992இல் உறுதி செய்த உச்சநீதிமன்றம், பிற்பட்டோருள் முன்னேறிய பிரிவினரை விலக்குமாறு பணித்தது. அளவுகோலில் விடுபட்ட உள்வேறுபாடு, நீதிமன்றத்தின் வழியே கொள்கைக்குள் நுழைந்தது.

மக்கள்தொகைக் கணிப்பிலும் இத்தகைய இடைவெளி இருந்தது. விரிவான சாதிவாரித் தரவு 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற்குப் பின் வெளிவராமையால், பிற்பட்டோர் 52 விழுக்காட்டினர் என்னும் மதிப்பீட்டிற்கு அப்பழைய கணக்கே அடிப்படையாயிற்று.

முடிவுரை

பொதுக்கொள்கைக்கு எண் வேண்டும். எண்ணிற்குப் பொருள் தருவது சமூகவியல். சுட்டியை வகுத்துக் கொடுத்ததோடு ஆய்வாளரின் பணி முடிவதில்லை. சமூகம் மாறும்போது அதே சுட்டி அதே நிலையைத்தான் அளக்கிறதா எனக் களத்தில் மீண்டும் சோதித்தல் இன்றியமையாதது. அச்சோதனை நின்றுபோனால், சமூகநீதிக்கென வகுத்த அளவுகோல் தான் காட்டவேண்டிய மக்களையே காட்டத் தவறும்.