42 தொகுதியை ஒரே மனசாகப் படிக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடிபோன வேகத்தில் "வங்காளம் பா.ஜ.க.வைக் கைவிட்டுவிட்டது அண்ணா" என்று எழுதிவிட்டாய். ஆதாரம், மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் 42 தொகுதிகளில் அந்தக் கட்சிக்கு 2019இல் 18, 2024இல் 12. தொகுதிக் கணக்கைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதுகிற அவசரம் உனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. கொஞ்சம் பொறு.

வாக்கைப் பார். அந்தக் கட்சி 2019இல் வாங்கியது 40 சதவீதத்துக்குச் சற்று மேல், 2024இல் ஏறத்தாழ 39. தொகுதியில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. வாக்கில் போனது நூற்றுக்கு இரண்டை ஒட்டித்தான். வாக்களித்த பத்துப் பேரில் நாலு பேர் 2024இலும் அங்கேயேதான் நின்றார்கள். இதையா கைவிட்டது என்கிறாய்?

"அப்படியானால் தொகுதிக்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்பாய். ஆட்சி அமைக்கத் தொகுதிதான் வேண்டும். ஆனால் ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு அது நம்பத்தகாத சாட்சி. 2014இல் இதே வங்காளத்தில் மார்க்சிஸ்ட் கட்சி 23 சதவீதம் வாங்கி இரண்டே இடம் ஜெயித்தது. காங்கிரஸ் பத்துக்கும் குறைவாக வாங்கி நாலு ஜெயித்தது. காங்கிரஸ் வாக்கு மால்டா, முர்ஷிதாபாத் பக்கம் குவிந்து கிடந்தது. மார்க்சிஸ்ட் வாக்கு மாநிலம் முழுக்கப் பரவி, ஊருக்கு ஊர் தோற்றது. அதே வருஷம் நம்மூரில் தி.மு.க. 23 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஓர் இடம்கூடப் பெறவில்லை. கட்சியே முடிந்தது என்றார்கள். 2019இல் அதன் கூட்டணி 39இல் 38ஐ அள்ளியது.

உன் இரண்டாவது தப்பு இதைவிடப் பெரிது. திரிணமூலின் 29ஐயும் காங்கிரசின் ஒன்றையும் கூட்டி "இந்தியா கூட்டணிக்கு 30" என்று எழுதியிருக்கிறாய். டெல்லியில் அந்தக் கூட்டல் சரி. வங்காளத்தில் அந்தத் தேர்தலில் அவர்கள் எதிரிகளாக நின்றார்கள். 1999 முதல் பஹரம்பூரில் ஐந்து முறை ஜெயித்த காங்கிரசின் அதிர் ரஞ்சன் சௌத்ரியைத் தோற்கடித்தது பா.ஜ.க. இல்லையப்பா, திரிணமூலின் யூசுஃப் பதான். மார்க்சிஸ்ட் கட்சியையும் பார். மதுரையில் சு. வெங்கடேசன் காங்கிரசோடு சேர்ந்து ஜெயித்தார். கேரளத்து ஆலத்தூரில் அதே கட்சி காங்கிரசைத் தோற்கடித்து ஜெயித்தது. வங்காளத்தில் காங்கிரசோடு கைகோத்தும் அதற்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. மாநிலத்தின் பெயரைச் சொல்லாமல் கூட்டணியின் பெயரைச் சொன்னால், நீ எதையும் சொல்லவில்லை.

ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் முடிவும் 2024இல் நம் முடிவு வந்த அதே வாரம் வந்ததே, அதையும் இப்படித்தான் படிப்பதா என்று கேட்டிருந்தாய். பாதி அப்படித்தான். அங்கே 27 நாடுகள், 720 இடங்கள். விகிதாசார முறை என்பதால் வாக்குக்கும் இடத்துக்கும் நம்மைப்போல இவ்வளவு தூரமில்லை. ஆனால் ஜெர்மனிக்காரர் ஜெர்மன் கட்சிக்குத்தான் வாக்களிக்கிறார். ஜெயித்த பிறகுதான், குறைந்தது 7 நாடுகளிலிருந்து 23 உறுப்பினர்கள் சேர்ந்தால் நாடாளுமன்றத்தில் ஒரு குழு அமைக்கலாம். குழு மாறவும் செய்வார்கள். ஹங்கேரியின் ஃபிடெஸ் 2021இல் தன் பழைய குழுவை விட்டு வெளியேறியது. ஆக, "ஐரோப்பா வலதுபக்கம் திரும்பியது" என்று யாராவது சொன்னால், எந்த நாடு என்று கேள்.

இன்னொன்று. 2014க்கும் 2019க்கும் நடுவே வங்காளத்தில் இடதுசாரி அணியின் மொத்த வாக்கு 30 சதவீதத்திலிருந்து 10க்கும் கீழே இறங்கியது, பா.ஜ.க. வாக்கு 17இலிருந்து 40க்கு ஏறியது. இங்கிருந்து கிளம்பியதெல்லாம் நேராக அங்கே போய்ச் சேர்ந்தது என்று உடனே கோடு போட்டுவிடாதே. நிறையப் போயிருக்கும். ஆனால் முடிவு காட்டுவது கடைசி மிச்சத்தைத்தான். திரிணமூலுக்கு எத்தனை போனது, புதிதாக வாக்குரிமை பெற்றவர்கள் யார் பக்கம் என்பதெல்லாம் அந்த அட்டவணையில் இருக்காது. அதற்குத் தெருவில் இறங்கிப் பேச வேண்டும். நீதான் வங்க மொழி பேசக் கற்றுக்கொண்டுவிட்டாயாமே.

அதற்கு முன் ஒரு வேலை செய். தேர்தல் ஆணையம் வெளியிடும் படிவம் 20இல் வாக்குச்சாவடி வாரியாகக் கணக்கு இருக்கும். உன் தெற்குக் கொல்கத்தாத் தொகுதிக்கானதை எடு. அதற்குள் வரும் ராஷ்பிஹாரி, கொல்கத்தா துறைமுகம் என்ற இரண்டு சட்டமன்றப் பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. பிறகு எனக்கு எழுது. இந்தத் தடவை சதவீதத்தோடு.

அன்புடன்,
அண்ணன்