முதுகில் வைக்கும் கை

கோலார் தங்கவயலில் முதுகுவலியை யாரும் நோயாக எண்ணியதில்லை. தொழிலோடு சேர்ந்து வந்ததாகவே எண்ணினார்கள். என் பாட்டனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் துளையிடும் பொறி பிடித்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்ற சுரங்கம் அது. குனிந்த முதுகும் அதிரும் பொறியுமாக ஆண்டுகள் கழிந்தன. ஓய்வு பெற்ற பின்னும், மாலையானால் லைன் வீட்டுத் திண்ணையில் குப்புறப் படுத்து, "கண்ணு, முதுகிலே ஏறி மிதி" என்பார். நானும் மிதிப்பேன். எதை மிதித்தேன் என்பது இயன்முறை மருத்துவம் பயில வந்த பிறகே விளங்கிற்று!

முதுகெலும்பு ஒரே கம்பமன்று. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, ஆக 24 முள்ளெலும்புகள் தனித்தனியே அசைவன. இடுப்புப் பகுதி குனிந்து நிமிர நன்கு இடந்தரும்; திரும்புவதற்கோ மிகச் சிறிதே இடந்தரும். ஓரிடம் இறுகினால், அதன் அசைவையும் அண்டை மூட்டுகள் சுமக்கின்றன. ஆகவே வலிக்கும் இடமும் இறுகிய இடமும் எப்போதும் ஒன்றாயிரா.

இறுகிய இடத்தைக் கையால் தேடும் கலையை ஒழுங்குபடுத்தியவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெய்ட்லண்ட். முள்ளெலும்புகளைக் கையால் அசைக்கும் முறை பற்றிய அவரது நூல் 1964இல் வெளிவந்தது. முள்ளெலும்பின் முனைமீது இரு பெருவிரல்களையும் வைத்து, தாளகதியில் அழுத்தித் தளர்த்துவது அவர் முறை. அழுத்தத்தை நான்கு படிகளாகப் பிரித்தார். முதலிரண்டும் தடை தோன்றுமுன்னரே நின்றுவிடும். வலி மிகுந்தோர்க்கு உரியவை. மூன்றும் நான்கும் தடைக்குள் புகும். இறுக்கம் மிகுந்தோர்க்கு உரியவை. நம் சித்த மருத்துவத்தின் தொக்கணத்திலும் அழுத்தல், இழுத்தல், அசைத்தல் என ஒன்பது வகை உண்டு என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

'சடக்' என்ற ஓசை கேட்டால் விலகிய எலும்பு இடத்தில் அமர்ந்தது என்று மகிழ்வோர் பலர். அப்படியன்று. மூட்டு நீரில் வாயுக் குமிழி உண்டாகும் ஓசையே அது. கை மருத்துவத்தால் வலி சில காலம் தணிகிறது. அந்த இடைவெளியில் உடற்பயிற்சி செய்தால்தான் பயன் நிலைக்கும்.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. முதுகுவலி மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. மாரிகுப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோரிடமும் அது இருக்கிறது. பெரும்பாலும் அது அஞ்சத்தக்கதன்று. ஆயினும் எங்கள் ஊரில் ஒரு கவலை கூடுதலாக உண்டு.

பாறைத் தூசியால் வரும் நுரையீரல் நோயாகிய சிலிகோசிஸ், காசநோய்க்கு வாயில் திறந்துவிடும். காசநோய் முதுகெலும்பையும் அரிக்கும். எங்கள் வரிசையில் ஒரு பெரியவர்க்கு இரவெல்லாம் முதுகுவலி, மாலையில் காய்ச்சல், உடல் மெலிந்துகொண்டே வந்தது. சுளுக்கென்று கருதி, காலால் பிறந்த ஒருவரை அழைத்து மிதிக்கச் செய்தார்கள். சில நாட்களில் கால்கள் தளர்ந்தன. பிறகே மருத்துவமனையில் உண்மை தெரிந்தது. மாதக்கணக்கில் மருந்துண்டு பிழைத்தார். இன்று கோலூன்றி நடக்கிறார். அரித்த எலும்பின்மீது ஓர் ஆள் ஏறி நின்றதை நினைத்தால் இன்றும் எனக்கு நடுக்கமே.

ஆகவே கை வைக்குமுன் கேட்க வேண்டும்: காய்ச்சல் உண்டா? எடை குறைந்ததா? படுத்தாலும் வலி தணியவில்லையா? விழுந்ததுண்டா? கால் மரத்ததா, தளர்ந்ததா? சிறுநீர் தடைப்பட்டதா, ஆசனப் பகுதி உணர்விழந்ததா? கடைசி இரண்டில் ஒன்றேனும் இருந்தால் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். மற்றவற்றுள் எது இருப்பினும் மருத்துவர் பார்க்குமுன் யாரும் முதுகைத் தொடலாகாது.

விடுமுறையில் வீடு சென்றால் பாட்டனார் இன்றும் குப்புறப் படுக்கிறார். நான் மிதிப்பதில்லை. "சர்க்கார் ஆபீசு மாதிரி கேள்வி கேக்குறியேடா" என்று சலித்துக்கொள்வார். எலும்பு தேய்ந்த வயது. ஆதலால் முதலிரண்டு படிகளைத் தாண்டமாட்டேன். பத்து நிமிடத்தில் எழுப்பி, சயனைட் மேடு தெரியும் திருப்பம்வரை நடத்தி அழைத்து வருவேன்.