பட்டாளத்துக்கு யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள்

நாலாக மடித்த விண்ணப்பத் தாளைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி ஒரு தாய் பள்ளிக்கூட வாசல் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். மகன் எட்டாம் வகுப்பு. தேசிய மாணவர் படை (என்.சி.சி.) தேர்வில் ஓடினான், தண்டால் எடுத்தான், பட்டியலில் பெயரும் வந்துவிட்டது. பெற்றோர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "சார், தப்பா நெனைக்காதீங்க. எங்க மாமனாரு வேணாங்கிறாரு. கையெழுத்துப் போட்டுட்டா, நாளைக்குச் சண்டைன்னு வந்தா பயலக் கூட்டிட்டுப் போயிருவாங்களாமே?"

இருபத்திரண்டு வருஷம் பள்ளியில் ஏ.என்.ஓ.வாக, அதாவது என்.சி.சி.க்குப் பொறுப்பான ஆசிரியராக, இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகும் சேர்க்கை நேரத்தில் உதவிக்குப் போகிறேன். இந்தக் கேள்வி வராத வருஷமே கிடையாது. 2025 மே மாதத்துக்குப் பிறகு இது இன்னும் கூடிவிட்டது. மே 7 அன்று நாடு முழுவதும் குடிமக்கள் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. தமிழ்நாட்டில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடந்தது. என்.சி.சி. பிள்ளைகளையும் ஒத்திகையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். காக்கி உடுப்புப் பிள்ளைகள் ஸ்ட்ரெச்சர் தூக்கும் காட்சி கைப்பேசிகளில் சுற்றியது. "பாத்தீங்களா, ஆரம்பிச்சிட்டாங்க" என்று ஊரே பேசியது. காயம்பட்டவரைத் தூக்கக் கற்றுக்கொடுப்பதற்கும் துப்பாக்கியைக் கொடுத்து எல்லைக்கு அனுப்புவதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களா நாம்?

சட்டத்தையே சொல்லிவிடுகிறேன். தேசிய மாணவர் படை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உண்டானது. சிறிய சட்டம்தான், ஒரு காபி ஆறுவதற்குள் படித்துவிடலாம். படையில் உறுப்பினராக இருக்கும் காரணத்துக்காக எவருக்கும் போர்ப் பணிக்குச் செல்லும் கடமை கிடையாது என்று அதில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது. சேர்ந்த காலம் முடிந்ததும் விலகிக்கொள்வது மாணவனின் உரிமை. நடுவில் விடுவிக்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. பெற்றோர் போடும் கையெழுத்து, பயிற்சிக்கும் முகாமுக்கும் அனுப்பச் சம்மதம் என்பதற்கு. ஊரில் 'பாண்டு' என்கிறார்கள். அது பாண்டு அல்ல.

இன்னும் எளிதாக யோசித்தும் பார்க்கலாம். பள்ளிப் பிரிவில் சேரும் பையனுக்கு வயது பதின்மூன்று. ராணுவத்தில் அக்னிவீரராகச் சேரவே பதினேழரை வயது ஆக வேண்டும். அதற்கும் அவனேதான் விண்ணப்பிக்க வேண்டும், எழுத்துத் தேர்வு எழுத வேண்டும், ஓட வேண்டும், மருத்துவர் முன் நிற்க வேண்டும். சுதந்திர இந்தியாவில் கட்டாய ராணுவ சேவை ஒரு நாளும் இருந்ததில்லை. விரும்பி வரிசையில் நிற்பவர்களிலேயே பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்பும் படை, எட்டாம் வகுப்புப் பிள்ளையை வீடு தேடி வந்து பிடிக்குமா?

அந்தத் தாயின் மாமனாரைப் போய்ப் பார்த்தேன். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். "வாத்தியாரே, எங்க காலத்துல காலேஜுக்குப் போனவன் எல்லாரையும் கட்டாயமா நிறுத்துனாங்க, தெரியுமா?" என்றார். அது உண்மை. 1962இல் சீனாவோடு போர் வந்தது. 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 1968இல் மறுபடியும் விருப்பப் பயிற்சியாக மாற்றிவிட்டார்கள். நடுவில் 1965 போர் வந்தது, பிறகு 1971 போர். அப்போது மாணவர் படையினர் ஆயுதத் தொழிற்சாலைகளில் உதவினார்கள், போர்முனைக்குப் போகும் தளவாடங்களை ஏற்றி அனுப்பினார்கள், பாராசூட்டில் இறங்கும் எதிரிகளைத் தேடும் ரோந்துக் குழுக்களில் இருந்தார்கள். 'இரண்டாவது பாதுகாப்பு அரண்' என்ற பெயர் அன்று வந்ததுதான். ஆக, பெரியவரின் நினைவில் பிழை இல்லை. ஆனால் அவர் சொன்ன கட்டாயம் நின்றுபோய் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது, அதுவும் பயிற்சிக்குத்தான், போருக்கு அல்ல. இதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கேட்க மறுப்பவர்கள்தான் என்னைக் கோபப்படுத்துகிறார்கள். படித்தவர்கள், கையில் கைப்பேசி வைத்திருப்பவர்கள், சட்டத்தைத் தேடிப் படிக்க ஐந்து நிமிஷம் செலவழிக்காமல், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்பதற்காகப் பிள்ளையின் ஆசையைக் கிள்ளிப் போடுகிறார்கள்.

இதே வதந்திக்கு இன்னொரு முகமும் உண்டு. "என்.சி.சி. சர்டிபிகேட் இருந்தா மிலிட்டரி வேலை உறுதி" என்று நம்பி வருகிறவர்கள். பள்ளியில் கிடைப்பது 'ஏ' சான்றிதழ். இரண்டு ஆண்டுப் பயிற்சி, எழுபத்தைந்து சதவீத வருகை, ஒரு முகாம், அதற்குப் பிறகு தேர்வு. பெயர் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் கிடைக்காது. அந்தச் சான்றிதழுக்கு ராணுவ ஆள்சேர்ப்பில் கூடுதல் மதிப்பெண் உண்டு. தமிழ்நாடு காவலர் தேர்விலும் என்.சி.சி.க்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. அவ்வளவுதான். அதிகாரியாகும் தனி வழி கல்லூரிப் பிரிவின் 'சி' சான்றிதழுக்குத்தான். குறைந்தது 'பி' கிரேடு, பட்டப்படிப்பில் ஐம்பது சதவீதம் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே ராணுவத் தேர்வு வாரியத்தின் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்குப் போகலாம். அந்த ஐந்து நாள் நேர்காணலில் தேறுவது வேறு கதை. ஒரே தெருவில் ஒரு வீட்டில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம், அடுத்த வீட்டில் வேலை உறுதி என்ற நம்பிக்கை. இரண்டு வீட்டாரும் விதிகளைப் படிக்கவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடி போட்ட பிள்ளையைச் சேர்க்கமாட்டார்கள் என்பது தவறு. என் அணியில் நன்றாகச் சுட்டவர்களில் பலர் கண்ணாடி போட்டவர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று இன்னும் சொல்பவர்களுக்கு: 1949இலேயே பெண்கள் பிரிவு தொடங்கிவிட்டது.

நிறையச் செலவாகும் என்கிறார்கள். சீருடைப் படி இப்போது மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. சுயநிதித் திட்டத்தில் அனுமதி வாங்கிய பள்ளிகளில் மட்டும் செலவு நிறுவனத்தைச் சேர்ந்தது. உங்கள் பள்ளி எந்த வகை என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

இந்தி தெரியாவிட்டால் முடியாது என்பது நம் ஊருக்கே உரிய பயம். அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1968 ஜனவரியில் சென்னைச் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில், என்.சி.சி.யில் இந்தி ஆணைச் சொற்களை நீக்க வேண்டும் என்றும் இருந்தது. அந்த அரசியலை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை மைதானத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது சாவ்தான், விஷ்ராம், தேஜ் சல், பீச்சே முட் என்று விரல்விட்டு எண்ணும் சொற்கள்தான். இரண்டாவது சனிக்கிழமையிலேயே காலுக்குப் பழகிவிடும். பாடம் தமிழில் நடக்கிறது, கேள்விக்குப் பதிலும் தமிழில் சொல்லலாம். இந்திக்குப் பயந்து எந்தப் பிள்ளையும் ஒதுங்க வேண்டியதில்லை.

போட்டிகளைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்துக்கு மட்டும் கொஞ்சம் நேரம் வேண்டும். "உயரமா இருந்தாத்தான் டெல்லிக்குப் போக முடியும், அதுவும் சிபாரிசு இருந்தாத்தான்" என்பார்கள். குடியரசு தின அணிவகுப்பில் நடக்கும் அணிக்கு உயரம் பார்ப்பார்கள், உண்மை. ஆனால் டெல்லி என்றால் ஜனவரி அணிவகுப்பு மட்டும்தானா? தல் சைனிக் முகாம் என்று ஒன்று இருக்கிறது. சுடுதல், தடை தாண்டுதல், வரைபடம் படித்தல், தூரம் கணித்தல், கூடாரம் அடித்தல், சுகாதாரம் என்று அதில் போட்டிகள். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி, கல்லூரிக்குத் தனி. முதலில் பட்டாலியனில் தேர்வு, பிறகு மதுரை, திருச்சி, கோவை போன்ற குரூப் அளவில், அதன் பிறகு தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் சேர்ந்த இயக்குநரகத்தின் அளவில் மாதக்கணக்கில் அடுத்தடுத்து முகாம்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பெண் போடுவார்கள், தேறாதவர் திரும்பி வருவார். ஐந்து ரவை சுட்ட பிறகு அட்டையில் துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்று ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். அந்த ஸ்கேலிடம் யார் போய் சிபாரிசு சொல்வது?

என்னிடம் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். வகுப்பிலேயே குள்ளம். அணிவகுப்பில் கடைசி வரிசைக்குக்கூட வேண்டாம் என்றார்கள். தூரம் கணிக்கும் போட்டிக்கு அவளை நிறுத்திப் பார்த்தேன். தூரத்தில் தெரியும் மேல்நிலைத் தொட்டியைக் காட்டி, "எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். இடது கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "முன்னூத்தம்பது மீட்டர் சார்" என்றாள். நடந்து அளந்தோம். பத்து மீட்டர்கூட வித்தியாசம் இல்லை. எப்படி என்று கேட்டேன். அவள் ஊரிலிருந்து பள்ளிக்கு நடந்து வருகிற பிள்ளை. வழியில் நிற்கும் மின்கம்பங்களுக்கு நடுவில் எத்தனை அடி என்று தினமும் எண்ணிக்கொண்டே வருவாளாம். எந்தத் திடலில் நின்றாலும் அந்தக் கம்பங்களை மனத்துக்குள் நட்டுப் பார்த்துக்கொள்வாள். குரூப் முகாம் வரை போனாள். உயரத்தைப் பார்த்து அவளைத் திருப்பி அனுப்பியிருந்தால் இழப்பு யாருக்கு?

இனி, உண்மையிலேயே பயப்பட வேண்டிய ஒன்று. எல்லைக்குக் கூட்டிப் போய்விடுவார்கள் என்று பயப்படும் இதே பெற்றோர், காக்கி உடுப்போடு யாராவது பள்ளிக்குள் வந்து "கேம்ப்" என்று சொன்னால் கேள்வியே கேட்காமல் பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் நடந்த ஒன்றில் மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். அந்தப் பள்ளிக்கு என்.சி.சி. பிரிவே கிடையாது, நடத்தியவர்களுக்கும் படைக்கும் சம்பந்தமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஒரே ஒரு பெற்றோர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால்? அந்த நினைப்பில் எனக்குத் தூக்கம் வராத இரவுகள் உண்டு.

அதனால் கேளுங்கள். உங்கள் பள்ளி எந்த பட்டாலியனின் கீழ் வருகிறது? உண்மையான பிரிவு என்றால் பட்டாலியனின் பெயரும் அலுவலக முகவரியும் ஏ.என்.ஓ.வுக்கு உடனே வாயில் வரும். உங்கள் பிள்ளையின் பதிவு எண் என்ன? டி.என். என்று தொடங்கும், அடுத்து சேர்ந்த ஆண்டு, பையன் என்றால் ஜே.டி., பெண் என்றால் ஜே.டபிள்யூ. எண் இல்லையென்றால் பிள்ளை கேடட் இல்லை. முகாமை நடத்துவது பட்டாலியன், பொறுப்பில் ராணுவ அதிகாரி இருப்பார். மாணவிகளோடு ஒரு பெண் ஆசிரியரோ பெண் அதிகாரியோ கட்டாயம் போவார். அவர் பெயரையும் கைப்பேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் வாத்தியார் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். கேட்ட பெற்றோரை நான் மதித்திருக்கிறேன். கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

கடைசியாக, "பூரிக்காகத்தான் பரேடுக்கு வர்றானுங்க" என்று ஆசிரியர் அறையில் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பரேடு முடிந்ததும் கொடுக்கும் பூரி கிழங்குக்காக வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் என்ன குறை? இருபத்திரண்டு வருஷத்தில் மைதானத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கி நிழலில் கிடத்தி நான் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டே?" பெரும்பாலும் வந்த பதில், "ஒண்ணுமில்ல சார்." 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பசிக்காதா? உயர்நிலைப் பள்ளிகளுக்கும் அதைக் கொண்டுவர வேண்டும் என்று நான் பார்க்கிற அதிகாரிகளிடமெல்லாம் சொல்லிவருகிறேன், இனியும் சொல்வேன். அதுவரைக்கும் வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பரேடு ஏழு மணிக்கு. ஆறரைக்குள் இரண்டு இட்லியோ, முந்தின நாள் சோற்றில் ஒரு டம்ளர் மோர் ஊற்றியோ, பிள்ளையின் வயிற்றுக்குள் ஏதாவது போயிருக்க வேண்டும்.